படத்தில் இல்லாத கைதிகள்

பொத்துவிலிலிருந்து உல்லைக்குச் செல்லும் வீதியில், அறுகம்பேக் களப்பின் மீது ஒரு பாலம் உண்டு. 2004ஆம் ஆண்டு டிசெம்பர் 26ஆந் திகதி எழுந்த ஆழிப்பேரலை பழைய பாலத்தைச் சிதைத்துவிட, அமெரிக்க உதவிப் பணத்தினால் கட்டப்பெற்று 2008ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட பாலம் அது. மாலை வேளையில் அதன் ஓரத்தில் நின்றால் ஒரு புறம் களப்பும், மறு புறம் கடலும், மணல் மேட்டில் ஏற்றி விடப்பட்ட தோணிகளும் தெரியும். பாடசாலை விடுமுறையில் கல்முனையிலிருந்து எமது நண்பரான ஆசிரியர் ஒருவரின் குடும்பத்தோடு அங்கு சென்றிருந்த நாம், அந்தப் பாலத்தில் நின்று வெகு நேரம் வேடிக்கை பார்த்தோம். அன்றிரவே இன்னொரு பாலத்தை வெள்ளைத் துணியிலே பார்க்கப் போகிறோம் என்பது அப்போது எமக்குத் தெரியாது.

கடலில் அலையேறி விளையாட வரும் வெளிநாட்டாருக்காக, கரையோர விடுதி ஒன்றிலே தென்னைகளுக்கிடையே துணி கட்டிப் படம் காட்டினார்கள். நாமும் பிள்ளைகளும் பின்னால் மணலில் அமர்ந்துகொண்டோம். படம், ‘த பிரிட்ஜ் ஒன் த ரிவர் குவாய்’. குவாய் நதிப் பாலம் என்று தமிழிற் சொல்லலாம். யப்பானியரிடம் பிடிபட்ட பிரித்தானியப் போர்க் கைதிகள் காட்டு நடுவே ஒரு புகையிரதப் பாலம் கட்டுகிறார்கள். அவர்களுடைய தளபதி, எதிரிக்காகக் கட்டுகிறோம் என்பதையே மறந்து, அந்தப் பாலத்தின் மீது பெருமை கொண்டுவிடுகிறார். அதைத் தகர்க்க வேறொரு கூட்டம் காடு கடந்து வருகிறது. கடைசியிற் பாலமும் புகையிரதமும் ஒன்றாக ஆற்றில் விழுகின்றன. இரண்டே முக்கால் மணி நேரம் பிள்ளைகள் அசையவில்லை.

படம் முடிந்ததும் நண்பரின் மூத்த மகன், பதினான்கு வயதுப் பையன், இரண்டு கேள்விகளை எம்மிடம் கேட்டான்.

“சேர், இது எங்கட நாட்டுலதான் எடுத்தாங்களாம், வாப்பா சொன்னாரு. மெய்யா?”

மெய்தான் என்றோம்.

“அப்ப இந்தக் கதையும் மெய்யா நடந்ததா?”

முதற் கேள்விக்கு ஒரு சொல்லிற் பதில் சொல்லிவிட்டோம். இரண்டாவது கேள்விக்கு அன்றிரவு எம்மாற் சரியாகப் பதில் சொல்ல முடியவில்லை. அந்தக் கடனை இந்தக் கிழமை இப்பகுதியிலே தீர்த்துக்கொள்ள எண்ணுகிறோம். அவனைப் போல் இப்படங்களை விரும்பிப் பார்க்கும் மாணவர் பலர் இருப்பர் என்பதனால், மற்ற வாசகர்கள் பொறுத்தருளுவார்களாக.

முதலில் நம் நாட்டுக் கதை. கொழும்பிலிருந்து அவிசாவளை வழியாக அட்டனுக்கு ஏறும் வீதியில், களனி கங்கையின் கரையிலே கித்துல்கல என்னும் ஊர் இருக்கிறது. தாய்லாந்தில் நடந்ததாகச் சொல்லப்படும் கதைக்கு நெறியாளர் டேவிட் லீன் தெரிந்தெடுத்த இடம் இதுவே. ஆற்றின் குறுக்கே நானூறு அடிக்கு மேல் நீளமுள்ள மரப்பாலம் ஒன்று மெய்யாகவே கட்டப்பட்டது. மரங்களை இழுக்க யானைகள் வந்தன. பாலத்தைத் தகர்க்கும் காட்சியை ஒரே முறைதான் எடுக்க முடியும் என்பதனாற் பல காமிராக்களை வெவ்வேறு இடங்களில் நிறுத்தியிருந்தார்கள். 1957ஆம் ஆண்டு மார்ச் மாதம், அந்நாளைய பிரதம மந்திரி எஸ். டபிள்யூ. ஆர். டி. பண்டாரநாயக்காவும் பிரமுகர்களும் பார்க்க வந்திருந்த வேளையிலேதான் அது நடந்தது. அதற்கு முன் ஒரு வேடிக்கையும் நடந்திருந்தது. காமிராக்காரர் ஒருவர் தாம் பாதுகாப்பான இடத்துக்கு வந்துவிட்டதாகச் சைகை காட்ட மறந்துபோனார். வெடி வைக்காமலே நிறுத்திவிட்டார்கள். ஆனால், ஓட்டுநர் இல்லாத புகையிரதம் இதையெல்லாம் அறியுமா? அது பாலத்தை நன்றாகக் கடந்து அக்கரையிலே போய் முட்டிக்கொண்டு நின்றது. மீண்டும் அதைத் தூக்கித் தண்டவாளத்தில் ஏற்றிய பின்னரே நாம் இன்று பார்க்கும் காட்சி கிடைத்தது.

அப்படம் ஏழு ஒஸ்கார் பரிசுகளைப் பெற்றது. அவற்றில் ஒன்று திரைக்கதைக்கு உரியது. அப்பரிசு மூலநாவலை எழுதிய பிரெஞ்சுக்காரரான பியர் பூலுக்கு வழங்கப்பட்டது. அவர் ஆங்கிலத்தில் எழுத வல்லவர் அல்லர். திரைக்கதையை உண்மையில் எழுதியவர்கள் கார்ள் போர்மனும் மைக்கல் வில்சனும். பொதுவுடைமைக் கொள்கையுடையோர் என்ற சந்தேகத்தின் பேரில் ஹொலிவூட் அவர்களை விலக்கி வைத்திருந்தபடியாற் படத்திலே அவர்களுடைய பெயர்கள் இல்லை. அந்தப் பிழை 1984இலேயே திருத்தப்பட்டது. அதற்குள் இருவரும் இறந்துவிட்டார்கள். பெயரில்லாமற் போனவர்களின் கதை இப்படத்தின் முகப்பிலேயே தொடங்குகிறது என்று சொல்லலாம்.

இனி, உண்மையிலே நடந்தது என்ன?

1942ஆம் ஆண்டு பெப்ரவரி 15ஆந் திகதி சிங்கப்பூர் யப்பானியரிடம் வீழ்ந்தது. பர்மாவில் நின்ற தம் படைகளுக்கு உணவும் குண்டும் அனுப்ப யப்பானியருக்கு வழி வேண்டியிருந்தது. கடல் வழியிலோ எதிரிகளின் நீர்மூழ்கிகள். ஆகவே, தாய்லாந்தையும் பர்மாவையும் இணைக்க மலையும் காடும் ஊடறுத்து 415 கிலோமீற்றர் நீளமான புகையிரதப் பாதை ஒன்றை அமைக்கத் தொடங்கினார்கள். இப்படி ஒரு பாதை போடலாமா என்று பிரித்தானியரும் முன்னொரு காலத்தில் ஆராய்ந்து, முடியாத காரியம் என்று கைவிட்டிருந்தனர். யப்பானியர் அதனை 1943ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தில் முடித்துவிட்டார்கள். ஏறத்தாழ பதினாறு மாத வேலை. அறுபதினாயிரத்துக்கு மேற்பட்ட போர்க் கைதிகள், அதாவது பிரித்தானியரும் அவுஸ்திரேலியரும் ஒல்லாந்தரும் சில அமெரிக்கரும், அதில் வருத்தப்பட்டார்கள். பன்னிரண்டாயிரத்துக்கு மேற்பட்டோர் இறந்தார்கள்.

படத்துக்கும் இதற்கும் உள்ள வேற்றுமைகளை அறிந்தவர்கள் அடிக்கடி எடுத்துச் சொல்லியிருக்கிறார்கள். படத்தின் தளபதிக்கு நேரானவராகச் சொல்லப்படும் பிலிப் டூசி என்ற அதிகாரி, பாலத்தின் மீது மோகங்கொண்டவர் அல்லர். தம் ஆட்களின் உயிரைக் காக்க விட்டுக்கொடுக்க வேண்டிய இடத்தில் விட்டுக்கொடுத்தும், இயன்ற இடத்தில் வேலையைத் தாமதப்படுத்தியும் வந்தவர். மரத்தூண்களை அரிக்கட்டும் என்று கைதிகள் கறையான் பிடித்துக் கொண்டுபோய் விட்டார்கள் என்றும் சொல்வதுண்டு. யப்பானியப் பொறியியலாளர் பாலங்கட்டத் தெரியாதவர்கள் என்று படங் காட்டுவதும் தவறு. அவர்கள் வேலை தெரிந்தவர்களே. அவர்களுக்கு இல்லாதது இரக்கம். காட்டு வழியே வந்து பாலத்தைத் தகர்த்தவர் எவருமில்லை. 1945இல் விமானங்களிலிருந்து விழுந்த குண்டுகளே அதைத் தகர்த்தன. பாலம் நின்ற ஆற்றுக்குக் குவாய் என்ற பெயரும் அப்போது இல்லை. அது மெக்லோங் ஆறு. படம் பார்த்துவிட்டு வந்த வெளியூரார் ‘குவாய் எங்கே, குவாய் எங்கே’ என்று கேட்கத் தொடங்கவே, 1960 அளவில் ஆற்றின் அந்தப் பகுதிக்குத் தாய்லாந்துக்காரர் பெயரையே மாற்றி வைத்துவிட்டார்கள். சினிமாவுக்காகப் பெயர் மாறிய ஆறு வேறெங்கும் இருக்கிறதோ, நாம் அறியோம்.

இவை எல்லாம் சிறிய வேற்றுமைகள். சினிமா என்றால் கொஞ்சம் கூட்டியும் குறைத்தும் சொல்லத்தான் வேண்டும் என்று விட்டுவிடலாம். விட்டுவிட முடியாத வேற்றுமை ஒன்றுண்டு. படத்திலே பாலங் கட்டுவோராக நாம் காண்பது வெள்ளைக்காரச் சிப்பாய்களை மாத்திரமே. உண்மையான பாதையிலோ, சிப்பாய் ஒருவருக்கு மூவராகக் கூலிகள் நின்றார்கள். பர்மியர், மலாயர், யாவாக்காரர், சீனர், தமிழர். அவர்களுடைய தொகை ஒரு இலட்சத்து எண்பதினாயிரத்துக்கு மேல் என்று ஆய்வாளர் மதிப்பிடுகின்றனர். இறந்தவர்கள் தொண்ணூறாயிரம் அளவில் இருக்கலாம். மதிப்பு என்றுதான் சொல்ல முடிகிறது. எண்ணிப் பதிந்தவர் எவரும் இல்லாமையால்.

இந்தக் கூலிகளில் மலாயாவிலிருந்து கொண்டு செல்லப்பட்டோர் எழுபதினாயிரத்துக்கு மேற்பட்டவர்கள். அவர்களிற் பெரும்பாலோர் றப்பர்த் தோட்டங்களில் பால் வெட்டிய தமிழர்கள். யுத்தம் வந்ததும் றப்பரை வாங்க ஆளில்லை. தோட்டங்கள் நின்றன. துரைமார் ஓடிவிட்டார்கள். அரிசி இல்லை, மரவள்ளிதான். அந்த நேரத்திலே ‘மூன்று மாத வேலை, நாட்கூலி உண்டு, சாப்பாடு உண்டு’ என்று ஆள் கேட்டு வந்தார்கள். சிலர் நம்பிப் போனார்கள். சிலர் மனைவி மக்களையும் கூட்டிக்கொண்டே போனார்கள். போனவர்கள் திரும்பி வராததைக் கண்டு மற்றவர்கள் மறுத்தபோது, பிடித்துக்கொண்டு போவது தொடங்கியது. தோட்டத்துக்கு இத்தனை பேர் என்று கிராணிமாரிடம் கணக்குக் கேட்டார்கள். தெருவிலே நின்றவனையும் லொறியில் ஏற்றினார்கள்.

அப்படிப் பிடித்த முறைகளில் ஒன்றை வாசித்தபோது நாம் புத்தகத்தை மூடி வைத்துவிட்டுச் சிறிது நேரம் சும்மா இருந்தோம். இலவசமாகப் படம் காட்டுகிறோம் என்று ஊரிலே அறிவித்தார்களாம். பஞ்சத்திலும் பயத்திலும் கிடந்த சனங்கள் படமாளிகைக்குப் போய்க் கூடியிருக்கிறார்கள். கூட்டம் நிறைந்ததும் கதவுகளை வெளியே பூட்டிவிட்டு, உடல் வலுவுள்ள ஆண்களைப் பொறுக்கி எடுத்து, நேரே புகையிரத நிலையத்துக்குக் கொண்டுபோய்ச் சரக்குப் பெட்டிகளில் அடைத்து அனுப்பிவிட்டார்கள். அக்காலத்தைப் பற்றி எழுதிய பலரிடம் இச்செய்தி காணப்படுகிறது. மரணப் பாதையைப் பற்றிய பெரும்படத்தில் இடம் பெறாத மனிதர்கள், படம் பார்க்கப் போன இடத்திலேதான் அகப்பட்டுக்கொண்டார்கள்.

சிப்பாய்களுக்கும் இவர்களுக்கும் இருந்த வேற்றுமை யாது? பசி இருவருக்கும் ஒன்று. பிரம்படி ஒன்று. 1943ஆம் ஆண்டு மழைக்காலத்தில் வந்த வாந்திபேதியும் ஒன்றே. ஆயினும் சிப்பாய்களுக்கு அதிகாரிகள் இருந்தார்கள், கட்டுப்பாடு இருந்தது, வைத்தியர்கள் இருந்தார்கள். அவுஸ்திரேலிய வைத்தியரான வியரி டன்லப் போன்றோர் மூங்கிலிலே கருவிகள் செய்து சத்திரசிகிச்சை நடத்தினார்கள். தண்ணீரைக் கொதிக்கவைத்துக் குடிக்க வேண்டும் என்று சொல்லவும், சொன்னதைச் செய்விக்கவும் ஆளிருந்தது. யார் எந்நாளில் இறந்தார், எங்கே புதைக்கப்பட்டார் என்று துண்டுக் கடதாசியில் எழுதி, போத்தலில் இட்டு மண்ணுக்குள் ஒளித்து வைத்தவர்களும் இருந்தார்கள். தமிழ்க் கூலிக்கு இவற்றில் ஒன்றும் இல்லை. வாந்திபேதி புகுந்த கூலிக் கொட்டில்களில் தகப்பனும் தாயும் இறந்துவிட, பிள்ளைகள் தனியே மிஞ்சிய நிகழ்ச்சிகளும் உண்டு. போர்க் கைதிகளை எப்படி நடத்த வேண்டும் என்று உலக நாடுகள் 1929இல் ஜெனீவாவிலே ஒப்பந்தம் எழுதியிருந்தன. யப்பான் அதை உறுதிப்படுத்தவில்லை. உறுதிப்படுத்தியிருந்தாலும் இந்தக் கூலிக்கு என்ன பயன்? அவன் சிப்பாய் அல்லனே. கைதி என்ற பெயரே அவனுக்குக் கிடையாது.

இன்று காஞ்சனபுரியிற் போய்ப் பார்த்தால், போரிலே இறந்த சிப்பாய்களின் மயானம் பச்சைப் புல்லும் பூஞ்செடியுமாக இருக்கிறது. ஏழாயிரம் அளவிலான கல்லறைகள். பெரும்பாலானவற்றிற் பெயரும் படைப்பிரிவும் வயதும் பொறித்திருக்கிறது. இப்படி வேறு இரண்டு மயானங்களும் உண்டு. ஒவ்வொன்றும் அழகாகப் பேணப்படுகிறது. அதைக் குறை சொல்ல நாம் வரவில்லை. இறந்தவனுக்குச் செய்யவேண்டிய மரியாதை அது. ஆனால், அவர்களைவிடப் பல மடங்கு தொகையானவர்கள் அதே பாதையின் ஓரத்திலே குழியிலும், ஆற்றிலும், மூங்கிற் புதரிலுமாகப் போனார்கள். காஞ்சனபுரியில் ஒரு புத்த கோயிலின் வளவிலே கூலிகளின் எலும்புகள் மொத்தமாக அடக்கஞ் செய்யப்பட்டிருக்கின்றன. அண்மைய ஆண்டுகளிலேதான் தமிழர் சிலர் முயன்று அங்கே ஒரு நடுகல் எழுப்பியிருக்கிறார்கள். எண்பது ஆண்டு சென்ற பின் ஒரு கல்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். நாவலை எழுதிய பியர் பூல், யுத்தத்துக்கு முன் மலாயாவில் றப்பர்த் தோட்டமொன்றில் வேலை பார்த்தவர். பிற்பாடு இந்தோசீனாவில் பிடிபட்டுக் கைதியாகவும் இருந்து 1944இல் தப்பியவர். ஆகவே கைதியின் மனமும் அவருக்குத் தெரியும், தோட்டமும் தெரியும். படம் எடுக்கப்பட்ட கித்துல்கலயிலிருந்து அட்டன் வீதியிலே சற்று ஏறினால் தேயிலைத் தோட்டங்களும் லயன் வரிசைகளும் தொடங்கிவிடும். மலாயாவுக்குக் கப்பலேறியவர்களும் கண்டிச் சீமைக்குக் கப்பலேறியவர்களும் ஒரே தஞ்சாவூர், திருச்சி, சேலம், இராமநாதபுரத்து ஊர்களிலிருந்து ஒரே மாதிரியான கங்காணிமாரால் அழைத்து வரப்பட்டவர்கள். அண்ணன் பினாங்குக்கும் தம்பி கொழும்புக்கும் போன குடும்பங்கள் எத்தனையோ! பொய்ப்பாலம் வெடித்த ஓசை, மெய்ப்பாலத்திலே செத்தவர்களின் இனசனத்தார் கொழுந்து பறித்துக்கொண்டிருந்த மலைகளிலே எதிரொலித்திருக்கும். படம் எடுத்தவர்களைப் பழிப்பதற்காக இதைச் சொல்லவில்லை. படம் நல்ல படந்தான். நாமும் மூன்று முறை பார்த்திருக்கிறோம்.

தமிழிலே இதை எழுதியவர்கள் மலேசிய எழுத்தாளர்கள். ஆர். சண்முகம் எழுதிய ‘சயாம் மரண இரயில்’ என்ற நாவலும், அ. ரெங்கசாமி எழுதிய ‘நினைவுச் சின்னம்’ என்ற நாவலும் நமது பாடசாலை நூலகங்களில் இருக்க வேண்டியவை. எத்தனை நூலகங்களில் இருக்கின்றன என்று மாணவர்களே போய்த் தேடிப் பார்க்கட்டும்.

போர்க் கைதிகளைப் பற்றிய சண்டைப் படங்களில் மற்றொரு வகை, தப்பி ஓடும் படம். 1963இல் வெளிவந்த ‘த கிரேட் எஸ்கேப்’ இவ்வகைக்குத் தலையாயது. சுரங்கம் தோண்டி, தோண்டிய மண்ணைக் காற்சட்டைக்குள் மறைத்துக் கொண்டுபோய்த் தோட்டத்திற் கொட்டி, பொய்ப் பத்திரங்கள் தயாரித்துத் தப்புகிறார்கள். ஸ்டீவ் மக்குயின் மோட்டார் சைக்கிளிலே முட்கம்பி வேலியைத் தாண்டும் காட்சியை மறந்தவர் இல்லை. சுரங்கம் மெய். மோட்டார் சைக்கிள் பொய். 1944ஆம் ஆண்டு மார்ச் மாதம் ஜெர்மனியரின் அந்த முகாமிலிருந்து வெளியேறியவர் 76 பேர். எழுபத்து மூவர் மீண்டும் பிடிபட்டனர். ஐம்பது பேரை ஹிட்லரின் ஆணைப்படி சுட்டுக் கொன்றார்கள். வீடு போய்ச் சேர்ந்தவர் மூவர். இந்தக் கணக்கையும் படம் மறைக்கவில்லை என்பதனால் அதன் மீது எமக்கு மதிப்புண்டு. ஆனாற் பார்த்துவிட்டு வெளியே வரும் பையன்களின் மனத்தில் நிற்பது ஐம்பது பேர் அல்லர், மோட்டார் சைக்கிள்தான்.

மூன்றாவது வகையைப் பற்றி எழுதும்போது எமக்குச் சிறிது தயக்கம் உண்டாகிறது. வியட்நாம் யுத்தம் முடிந்து, 1973இல் 591 அமெரிக்கக் கைதிகள் வீடு திரும்பினார்கள். திரும்பாதவர் 2,500க்கு மேற்பட்டோர். அவர்களுடைய குடும்பங்கள் காத்திருந்தன. அந்தக் காத்திருப்பைப் பிடித்துக்கொண்டு, 1984இல் சக் நொறிஸ் நடித்த ‘மிஸ்ஸிங் இன் அக்ஷன்’, 1985இல் ஸில்வெஸ்டர் ஸ்டலோன் நடித்த இரண்டாவது ராம்போ என்று படங்கள் வந்தன. காணாமற் போனவர்கள் இன்னும் மூங்கிற் கூட்டிலே உயிரோடு இருக்கிறார்கள், ஒரு வீரன் போய்த் துவக்கால் நூறு பேரைச் சுட்டுவிட்டு அவர்களைத் தோளிலே தூக்கி வருவான் என்பது கதை. முதற்படம் பிலிப்பைன்ஸ் காட்டிலும் அடுத்தது மெக்சிக்கோவிலும் எடுக்கப்பட்டன. பின்னர் அமெரிக்க மேற்சபை ஒரு குழுவை அமைத்து ஆராய்ந்து, அங்கே எவரும் உயிரோடு சிறையில் இருப்பதாக நம்பத்தக்க சான்று இல்லை என்று 1993இலே அறிவித்தது. எனினும் எத்தனை தாய்மார் அந்தப் படங்களைப் பார்த்துவிட்டு இன்னும் சில ஆண்டு வாசலைப் பார்த்திருப்பார்கள்!

இந்தக் கரையில் இருந்துகொண்டு அப்படத்தைப் பொழுதுபோக்காகப் பார்க்க எம்மால் இயலவில்லை. 2009இல் முடிந்த நமது யுத்தத்திலே காணாமற் போனோரென்று சர்வதேசச் செஞ்சிலுவைச் சங்கத்திடம் பதியப்பட்டவர்கள் மாத்திரம் 16,000க்கு மேல். இந்த அம்பாறைக் கரையோரத்தில், திருக்கோவில் பக்கத்துத் தாய்மார் படங்களைக் கையிலேந்தி வீதியில் நின்றதை வாசகர்கள் அறிவர். தமிழ் வீடுகளிலும் முஸ்லிம் வீடுகளிலும் அப்படி ஒரு படம் சுவரில் உண்டு. இதற்கென ஓர் அலுவலகம் அமைக்க 2016இல் சட்டமும் வந்தது. படத்திலே ஒன்றரை மணி நேரத்துக்குள் ஆளைத் தூக்கி வந்துவிடுகிறார்கள். நண்பரின் மனைவி, பிள்ளைகள் ராம்போ போடச் சொன்னபோது, “அது வேணாம் மகன், வேற ஏதும் பாருங்க” என்று சொல்லி எழுந்து உள்ளே போய்விட்டார். ஏன் என்று நாம் கேட்கவில்லை.

சரி, பையன் கேட்ட ‘நம் நாட்டு’க் கதைக்கு வருவோம். படத்துக்காக வேடமிட்டவர்கள் அல்லாமல், உண்மையான போர்க் கைதிகளே நம் நாட்டில் இருந்ததுண்டு. தென்னாபிரிக்காவில் பிரித்தானியரோடு போரிட்டுப் பிடிபட்ட போயர் இனத்தாரில் ஐயாயிரம் அளவிலானோரை 1900ஆம் ஆண்டு முதல் இலங்கைக்குக் கொண்டு வந்து தியத்தலாவை, றாகமை, அம்பாந்தோட்டை முதலிய இடங்களில் வைத்திருந்தார்கள். தப்பியோடும் கதையும் இதில் உண்டு. 1901 சனவரியிலே கொழும்புத் துறைமுகத்தில் நின்ற கைதிக் கப்பலிலிருந்து ஐந்து போயர்கள் இரவோடு இரவாகக் கடலிற் குதித்து நீந்தி, அங்கே நின்ற ருசியக் கப்பலில் ஏறிக்கொண்டார்கள். ருசியா போய், ஐரோப்பாவைக் கடந்து, மீண்டும் ஆபிரிக்கா சேர்ந்து, விட்ட இடத்தில் யுத்தத்தைத் தொடர்ந்தார்கள். இதைப் படமெடுத்தால் மோட்டார் சைக்கிளும் வேண்டாம், பொய்யும் வேண்டாம்.

ஆயினும் எமக்குப் பிடித்தவர் வேறொருவர். அறுகம்பேயிலிருந்து தெற்கே பாணமை, உகந்தை என்று போனாற் குமண காடு. கதிர்காமத்துக்குப் பாதயாத்திரை போகும் அடியார்கள் உகந்தை முருகனைக் கும்பிட்டுவிட்டு அந்தக் காட்டுக்குள் நுழைவார்கள். கும்புக்கன் ஆற்றைக் கடந்தால் யால. அந்த யாலச் சரணாலயத்தின் முதற் காவல் அதிகாரி, எங்கல்பிறெக்ட் என்ற போயர்க் கைதி.

1902இல் சமாதானம் ஏற்பட்டது. பிரித்தானிய முடிக்கு விசுவாசமாக இருப்பதாகச் சத்தியம் செய்து கொடுத்தவர்களை ஊருக்கு அனுப்பினார்கள். மிகச் சிலர் மறுத்தார்கள். எங்கல்பிறெக்ட் அவர்களில் ஒருவர். சத்தியம் செய்யாதபடியாற் சொந்த ஊருக்குப் போக முடியவில்லை. அம்பாந்தோட்டையிலேயே தங்கினார். எந்த அரசுக்குத் தலை வணங்க மறுத்தாரோ அதே அரசின் கீழ், யானைக்கும் மானுக்கும் காவல் செய்யும் வேலை கிடைத்தது. அந்நாளில் அங்கே உதவி அரசாங்க அதிபராக இருந்த லெனாட் வூல்ஃப், தமது வாழ்க்கை வரலாற்றில் இவரைப் பற்றி எழுதியிருக்கிறார். 1914இலே சென்னையைக் குண்டு வீசிக் கலங்கடித்த எம்டன் என்ற ஜெர்மன் கப்பலை நம்மவர் நன்கறிவர். கெட்டிக்காரப் பேர்வழியை ‘அவன் பெரிய எம்டன்’ என்று இன்றைக்கும் சொல்கிறோம் அல்லவா? அந்தக் கப்பலுக்கு இரகசியமாக இறைச்சி கொடுத்தார் என்று எங்கல்பிறெக்ட் மீது சந்தேகங் கொண்டு கண்டியிலே சிறை வைத்தார்கள். குற்றச்சாட்டுக்கு ஆதாரம் இல்லையென்று பிற்பாடே தெரிந்தது. 1922இல் அம்பாந்தோட்டையிலே காலமானார். ஊர் திரும்பவேயில்லை.

மறுநாட் காலையில் பாணமை வீதியிலே போகும்போது பையனுக்கு இக்கதையைச் சொன்னோம். கவனமாகக் கேட்டுவிட்டு, “சண்ட ஒண்டும் இல்லயே சேர், இத எப்பிடிப் படமெடுக்கிற?” என்றான். அவனுடைய தங்கைதான், “சத்தியம் செய்யமாட்டேன்டு சொல்ற இடத்தில எடுக்கலாம்” என்றாள். அவளுக்குப் பத்து வயது. பிறகு இருவரும் வீதியோரத்தில் நின்ற யானையைக் கண்டு எல்லாவற்றையும் மறந்துவிட்டார்கள்.

ஊர் திரும்பியதும், கைவசமிருந்த ‘சயாம் மரண இரயில்’ பிரதியைக் கல்முனைக்குத் தபாலில் அனுப்பி வைத்தோம். சென்ற கிழமை பையனிடமிருந்து பதில் வந்தது. புத்தகம் கிடைத்துவிட்டதாம். அவன் இன்னும் தொடங்கவில்லை. வாப்பா முதலில் எடுத்துக்கொண்டு போய்விட்டாராம், இன்னும் திருப்பித் தரவில்லையாம்.